பாதிப் பொட்டு

காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸுக்குள் வந்த கனகவள்ளி அழவில்லை. எனக்கு அதுவே விநோதமாகப் பட்டது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், பேட்டரிக் கடைக்கு மேலே, பத்துக்குப் பத்து அறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிற எங்களிடம் வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு தண்ணீர் கேட்பார்கள், விஷயம் கடைசியில்தான் வரும். இவள் வந்த வேகத்தில் டிபன் கேரியரை மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

"யக்கா, எங்க வீட்டுக்காரவுகளப் புடிச்சிட்டுப் போயிட்டானுவ. மூணு மணிக்குக் கோர்ட்டாம். அதுக்குள்ள நீங்க எதாச்சும் செய்யணும். இல்லன்னா நானே போயி அந்த ஜோசப்ராஜ் மண்டைய ஒடைச்சிட்டு அவுக பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன்."

"பொம்பளைங்களுக்குத் தனி லாக்கப் மதினி. பக்கத்துல உக்கார விடமாட்டான்," என்றேன்.

"எட்வின், வாய மூடுல," என்றாள் மேரியக்கா.

செல்வமேரி என்கிற மேரியக்கா பதினெட்டு வருஷம் வண்டி இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்தவள். இடிபட்ட வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எவன் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவாள். பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்ன மேலதிகாரியின் முன்னாலேயே அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் எட்வின், பதினாலு வருஷம் டெம்போ ஓட்டியவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்குகிறவன். மூன்று பதவிக்கும் சேர்த்து ஒரே ஸ்டூல்.

கனகவள்ளியின் வீட்டுக்காரர் மாசானம் அண்ணாச்சியைத் தாராவியில் தெரியாதவர்கள் குறைவு. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் அவருடைய பட்டறை. வெறும் வேனை உள்ளே விட்டால், அடுப்பு, படுக்கை, அலமாரி, டிராயர் எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக வெளியே அனுப்புவார். கேம்பர் என்பார்கள். வசதியுள்ளவர்கள் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் போய் போட்டோ பிடித்துப் போடுவார்கள். வாடகைக்கு விடுகிறவன் செம்பூர் ஜோசப்ராஜ். அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேச எனக்கு வாய் வராது, ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அவனுடைய வேன் ஒன்று மால்சேஜ் காட் மலைப் பக்கம் குண்டும் குழியுமான பாதையில் இறங்கியிருக்கிறது. ஒரு பெரிய பள்ளம். தலைக்கு மேலிருந்த அலமாரிக் கதவு திறந்து, ஐந்து லிட்டர் குக்கர் பறந்து வந்து, கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஸ்வீட்டியின் தலையில் விழுந்தது. ஸ்வீட்டி எங்கள் தெருப் பெண். இருபத்திரண்டு வயது. வேனில் சமையல் வேலை. எதிரே வந்தால் "என்னண்ணே, இன்னைக்காவது எவனையாச்சும் புடிச்சீங்களா?" என்று என்னைக் கிண்டல் பண்ணாமல் போகமாட்டாள். இரண்டு நாளாக ஐசியூவில் கண் திறக்கவில்லை.

"பூட்டு வைக்காம வெறும் காந்தம் வச்சி ஏமாத்திட்டாருன்னு ஜோசப்ராஜ் கம்ப்ளைண்ட் குடுத்திருக்கான்," என்றாள் கனகவள்ளி. "காந்தமாம். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் இருக்கதுக்கே அவுக மூஞ்சியச் சுளிப்பாவ."

"பூட்டு வச்சது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மேரியக்கா.

"நாந்தானக்கா பொட்டு வச்சேன். வண்டி வெளிய போற அன்னைக்கு ஒவ்வொரு பூட்டுக்கும் குங்குமம் வைக்காம அனுப்பமாட்டேன். மேல எட்டுக் கதவு. எட்டுப் பொட்டு."

"அப்போ அதைப் போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் நான்.

அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "சொன்னேன். ஆனா அவுகளே ஒத்துக்கிட்டாவளே. வண்டி குடுத்ததுக்கு அப்புறம் ஜோசப்ராஜ் வண்டி நிறுத்துற யார்டுக்குப் போயி, பூட்டக் கழட்டிட்டுக் காந்தம் வச்சது நாந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாவ. இதுல இன்னொரு கூத்து கேளுங்க. இன்னைக்குக் காலையில நசீர் பாய் ஸ்டேஷனுக்குப் போயி, அவன் இல்ல, வச்சது நான்னு சொல்லியிருக்காரு. போலீஸ்காரன் வயித்தப் புடிச்சிட்டுச் சிரிக்கான்."

நசீர் பாய் மாசானத்தின் கூட்டாளி. கடையநல்லூர்க்காரர். இருபது வருஷமாக ஒரே பட்டறை, ஒரே டீ, மத்தியானம் ஒரே டிபன் கேரியர்.

மேரியக்கா எழுந்து டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டாள். "ஒரு காந்தத்துக்கு ரெண்டு பேர் கையெழுத்தா? வாங்க, என்னன்னு பாப்போம்."

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் அக்காவுக்குப் பழைய பழக்கம். எத்தனையோ விபத்துக் கேஸில் இவள் ரிப்போர்ட்டை நம்பியவர். "பத்து நிமிஷம், மேடம். ஆனா ஆளே ஒத்துக்கிட்ட கேஸ் இது," என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கையை விரித்தார்.

கம்பிக்குப் பின்னால் மாசானம் அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மரத்தூள் அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, என்னைக்கு மாத்துனீங்க?"

"போன வாரம் திங்கக்கிழமை. ஒரு டிராயர் இழுக்கச் செரமமா இருக்குன்னு யார்டுக்குக் கூப்பிட்டாரு. ரிஜிஸ்டர்ல எம்பேரு இருக்கும் பாருங்க."

"எதுக்கு மாத்துனீங்க?"

"ஓனரு கேட்டாரு, மாத்துனேன். விடுங்களேன். அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"ஸ்க்ரூ சோப்புத் தடவிப் போட்டீங்களா, தடவாமப் போட்டீங்களா?"

அண்ணாச்சி திரும்பி முறைத்தார். "சோப்புத் தடவாம ஸ்க்ரூவ முறுக்குனா மரம் பொளந்துராது? என்ன கேள்வி கேக்கிய?"

அவருடைய பட்டறையில் குளிக்கக் கரைந்த சோப்பைவிட ஸ்க்ரூவுக்குக் கரைந்த சிவப்பு சோப்புதான் அதிகம். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சோப்புக் கட்டியில் குத்தி எடுத்துத்தான் மரத்தில் வைப்பார். பொய் சொல்லும்போதுகூட அந்த மனிதரால் வறட்டு ஸ்க்ரூ போட முடியவில்லை.

வெளியே பெஞ்சில் நசீர் பாய். தாடியில் வார்னிஷ் வாசனை.

"நான் போன வாரம் புதன்கெழமை பாலிஷ் டச்சப்புக்குப் போனேன். அப்பம் மாத்துனேன். மாசானத்துக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

"ஸ்க்ரூவுக்குச் சோப்பு போட்டீங்களா பாய்?"

"சோப்பு அவனுக்கு. அது ஈரத்த இழுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும்னு இருவது வருசமாச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கான். நான் மெழுகுவத்திதான் தேய்ப்பேன்."

வாசலுக்கு வந்ததும் மேரியக்கா வெடித்தாள். "புரியுதாடா? திங்கக்கிழமை மாசானம் தனியாப் போனது நசீருக்குத் தெரியும். புதன்கிழமை நசீர் தனியாப் போனது மாசானத்துக்குத் தெரியும். கதவுல காந்தம் இருந்துச்சுன்னு கேட்ட உடனே, இவன் அவன்தான் வச்சிட்டான்னு முடிவு பண்ணிட்டான், அவன் இவன்னு முடிவு பண்ணிட்டான். ஒருத்தனக் காப்பாத்த இன்னொருத்தன் கழுத்த நீட்டுறான்."

"நட்புக்காக உயிரையே..." என்று ஆரம்பித்தேன்.

"நட்பும் இல்ல, மண்ணும் இல்ல. ஒரே டப்பாவுல சாப்பிடத் தெரியுது, 'நீ வச்சியா'ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. வண்டிய எடு. சோப்பா மெழுகான்னு அந்த ஸ்க்ரூவே சொல்லட்டும்."

டிராம்பே போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. ரிஃபைனரி பக்கத்துச் சந்தில் ஜோசப்ராஜின் யார்டு. வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடியிருந்தார்கள். அதில் இறங்கி ஏறியபோது எங்கள் பழைய வேனில் ஜாக்கி, ஸ்டெப்னி, என் பல் எல்லாமே சத்தம் போட்டன.

அக்காவின் கையில் எழுதுகிற அட்டையும் டார்ச்சும் இருந்ததைப் பார்த்து வாட்ச்மேன் கதவைத் திறந்தான். ஜோசப்ராஜ் ஓடிவந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தங்கச் சிலுவை.

"இன்சூரன்ஸ்தானே மேடம்? காலையிலிருந்து வெயிட்டிங்."

"வண்டியப் பாக்கணும்," என்றாள் அக்கா. அவள் பொய் சொல்லவில்லை. அட்டை சொன்ன பொய்க்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்?

வேனுக்குள் ஏறினோம். போலீஸ் பார்த்து எழுதிவிட்டுப் போன பிறகும் தரையில் வெங்காயச் சருகு அப்படியே கிடந்தது. வெங்காயத்தோல் மட்டும் அல்ல. பதினாலு வருஷம் ரோட்டில் ஓடியவன், நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எட்வின், கீழ டிராயர இழு," என்றாள் அக்கா.

இழுத்தேன். வரவில்லை. லேசாகத் தூக்கி இழுத்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. அடிக்கட்டையில் ஒரு வெட்டு வைத்து, டிராயர் அதில் உட்காரும்படி செய்திருந்தார் அண்ணாச்சி. தூக்கினால்தான் வரும். எந்தப் பள்ளத்திலும் தானாகத் திறக்காது. பள்ளம் குலுக்கும், ஆனால் தூக்கி இழுக்க அதற்குக் கை கிடையாது. உள்ளே பாத்திரம் நகராமல் ரப்பர் விரிப்பு. கனமான சாமான் கீழே, துணியும் பிளாஸ்டிக்கும் மேலே. இது அண்ணாச்சியின் சட்டம்.

டிராயருக்குள் குக்கர் வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. ஆனால் அதில் சோடா பாட்டிலும் கண்ணாடி டம்ளரும் அடுக்கியிருந்தன.

"குக்கர் ஏன் மேல போச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"கஸ்டமருக்கு டிரிங்ஸ் கைக்கு எட்டணும் மேடம். குக்கர மேல வைன்னு நான்தான் சொல்லியிருந்தேன். உங்க ரிப்போர்ட்ல அது வேண்டாமே."

மேல் கதவை நான் சுண்டுவிரலால் தட்டினேன். திறந்துகொண்டது. அண்ணாச்சி வைக்கிற பூட்டில் பொத்தானை அமுக்கினால்தான் கதவு விடும். இங்கே ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே ஒரு துண்டுத் தகரம். ஐந்து லிட்டர் குக்கரைப் பிடித்து வைக்க இவ்வளவுதான்.

அக்கா காந்தத்தின் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். சோப்பு இல்லை. மெழுகும் இல்லை. காய்ந்த ஸ்க்ரூ. அது இறங்கிய இடத்தில் மரம் முடி அளவுக்குப் பிளந்திருந்தது. கதவின் கீலைக் கழற்றினாள். அங்கேயும் வறட்டு ஸ்க்ரூதான்.

என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். "மாசானமும் இல்ல, நசீரும் இல்ல. இன்னொண்ணு பாத்தியா? இந்தக் கதவுல பொத்தானுக்கு ஓட்டையே இல்ல. பூட்ட மட்டும் மாத்தல. கதவையே மாத்தியிருக்கான்."

டார்ச்சை அலமாரிச் சட்டத்தின் உள்பக்கம் அடித்தாள். பூட்டின் நாக்கு மாட்டுகிற தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், ஓட்டைக்குள் சிவப்புச் சோப்பு. பக்கத்தில் மரத்தில் குங்குமம். முழுப் பொட்டு இல்லை. பாதி. மறுபாதி நேர்க்கோட்டில் வெட்டியது போல நின்றுவிட்டது. கனகவள்ளி வைத்த பொட்டில் பாதி மரத்தின்மேலும் பாதி தகட்டின்மேலும் விழுந்திருக்கிறது. தகடு போனபோது பாதிப் பொட்டும் கூடவே போய்விட்டது.

கதவின் உள்பக்கத்தில் இன்னொரு விசித்திரம். யாரோ சுரண்டி எடுத்ததில் மிச்சமாக, தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கரின் இரண்டு முனைகள். டீச்சர் நோட்டில் ஒட்டுவார்களே, அது. ஆபீஸ்காரர்கள் வாடகைக்கு எடுக்கிற புது வேனில் எந்தப் பிள்ளை நட்சத்திரம் ஒட்டியது?

"கழட்டின பூட்டெல்லாம் எங்க, மிஸ்டர் ஜோசப்ராஜ்?"

அவன் முகம் மாறியது. "நீங்க இன்சூரன்ஸ் இல்ல."

"நான் சொல்லவே இல்லையே. பூட்டு எங்க?"

"மாசானம்தான் ஒத்துக்கிட்டானே, அவன்கிட்ட கேளுங்க. தாராவி சரக்குன்னா இப்படித்தான். சஸ்தா, வெல கம்மின்னு போனேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

"பங்கார்ல, பழைய இரும்புல போட்டீங்களா?"

சிரித்தான். "தேடிக்கோங்க மேடம். தாராவியில எத்தனை பங்கார் கடை இருக்கோ அத்தனையும் தேடுங்க. வேணும்னா என் யார்டு குப்பையையும் தேடுங்க."

எனக்குத் தெரிந்த பழைய இரும்புக்காரர் முகம்மது ஹனீப். அவருக்குப் போன் போட நம்பரை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்ல. தூக்கிப் போட்டவனுக்கு உள்ளுக்குள்ள உதறும். இவன் இவ்வளவு தைரியமாத் தேடச் சொல்றான்னா, அது குப்பையில இல்ல. பத்திரமா இருக்கு."

"எங்க, பேங்க் லாக்கர்லயா?"

அவள் பதில் சொல்வதற்குள் யார்டு வாசலில் ஹாரன் சத்தம். இன்னொரு வேன். அதே மாடல், அதே வெள்ளை. அதுவும் கேம்பர்தான். ஸ்டியரிங்கில் ஒரு பெண், பின்னால் யூனிஃபார்மில் இரண்டு பிள்ளைகள். வந்த வேகத்தில் அந்தப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது, பின்சக்கரம் இறங்கி ஏறியது.

பதினாலு வருஷம் டெம்போ ஓட்டிய காது சும்மா இருக்குமா? உள்ளே பாத்திரம் லேசாகக் கிணுங்கியது. ஆனால் கதவு அடிக்கிற சத்தம் ஒன்றுகூட இல்லை. எட்டுக் கதவும் வாயை இறுக்கிக்கொண்டு வந்தன.

"அக்கா," என்றேன். "அந்த வண்டிக்கு வலிக்கவே இல்ல."

மேரியக்கா நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஜோசப்ராஜ் குறுக்கே ஓடினான். "அது ஃபேமிலி வண்டி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"யார் ஜோசப் இவங்க?" என்று இறங்கினாள் அந்தப் பெண். அவன் மனைவி ஜெபா.

"உங்க வண்டி அலமாரியை ஒரு நிமிஷம் பாத்துக்கலாமாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"நோ," என்றான் அவன்.

"பாக்கட்டுமே, அதுல என்ன இருக்கு?" ஜெபா கதவைத் திறந்துவிட்டாள். "போன சனிக்கிழமைதான் புதுசாப் போட்டது. அதுக்கு முந்தி லோனாவ்லா போனப்ப ஒரு கதவு தானாத் தொறந்து, பீங்கான் தட்டு எங்க சின்னவ காதோரமாப் போய் விழுந்துது. இனிமே இந்த வண்டியில பிள்ளைங்கள ஏத்தமாட்டேன்னு ஒரே சண்டை. அப்புறம்தான் இவர் நல்ல பூட்டு வச்ச கதவு போட்டுத் தந்தார்."

"பழைய கதவுல பிள்ளைங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தாங்களா?"

"ஆமா. அது போச்சுன்னு சின்னவ ரெண்டு நாள் அழுதா." ஜெபா ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேரியக்கா பொத்தானை அமுக்கினாள். டக் என்று கதவு விட்டது. டார்ச் வெளிச்சத்தில் தகடு பளபளத்தது. அதன் ஓரத்தில் பாதிப் பொட்டு.

ஜெபாவிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு தகட்டைக் கழற்றினாள். எட்டுத் தகடும் இடம் மாறியிருக்கலாம் என்று நான் பயந்தேன். ஆனால் மாற்றியவன் சோம்பேறி, வரிசையாகக் கழற்றி அதே வரிசையில் மாட்டியிருந்தான். தகட்டை எடுத்துக்கொண்டு விபத்தான வேனில் ஏறினாள். ஜெபாவும் கூடவே ஏறினாள். சட்டத்தில் இருந்த இரண்டு ஓட்டைமேல் தகட்டை வைத்தாள் அக்கா. மரத்தில் இருந்த பாதியும் தகட்டில் இருந்த பாதியும் சேர்ந்து ஒரு முழுப் பொட்டாயிற்று.

ஜெபா பொட்டைப் பார்த்தாள். சுரண்டிய நட்சத்திரத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஜோசப், இது நம்ம கதவு."

"ஜெபா, கேளு. புதுப் பூட்டு வர ரெண்டு வாரம் ஆகும்னான் மாசானம். அதுவரைக்கும் இந்த வண்டிக் கதவ அதுக்கு மாத்தித் தான்னு கேட்டா முடியாதுன்னுட்டான். நசீர்கிட்ட கேட்டா அவனும் முடியாதுன்னுட்டான். பிள்ளைங்கள வச்சிக்கிட்டு ரெண்டு வாரம் எப்படி விடுறது? நம்ம மெக்கானிக்க வச்சி நானே மாத்தினேன். உங்களுக்காகத்தானே பண்ணினேன்?"

"நம்ம பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கழட்டினத, அந்தப் பொண்ணு தலைக்கு மேல மாட்டினியா?"

"அது வாடகை வண்டி, ஜெபா."

அவ்வளவுதான் சொன்னான். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவன் தன் பிள்ளையை வளர்த்த விதம் இது. என் கை தானாக மடங்கியது. அவனை ஒரு அடியாவது அடித்துவிட்டு மறு ஜோலி பார்க்கலாம் என்று ஒரு எட்டு வைத்தேன்.

"எட்வின். மணி ஒண்ணே முக்கால்," என்றாள் அக்கா.

ஜெபா இறங்கி, பிள்ளைகளை யார்டு ஆபீஸில் உட்கார்த்தி, வாட்ச்மேனின் மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு எங்கள் பழைய வேனின் முன்சீட்டில் ஏறினாள்.

"எந்த ஸ்டேஷன்?" என்றாள்.

"ஜெபா, யோசிச்சுப் பண்ணு," என்றான் ஜோசப்ராஜ்.

"நீ யோசிச்சுத்தானே பண்ணின?"

மான்குர்டு டிராஃபிக்கில் நான் அன்று ஓட்டிய ஓட்டம் பற்றி எந்தப் போக்குவரத்துப் போலீசுக்கும் தெரியாமல் இருப்பது நல்லது. இரண்டு முப்பத்தைந்துக்கு ஸ்டேஷன். ஜெபா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் தகட்டைப் பார்த்தார், மேரியக்காவின் போனில் இருந்த படங்களைப் பார்த்தார். யார்டு மெக்கானிக்குக்கு அவரே போன் போட்டார். மறுமுனையில் அந்த ஆள் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. கோர்ட்டுக்குக் கிளம்பி நின்ற ஜீப் அங்கே போகாமல், டிராம்பேக்கு இரண்டு கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு போனது.

மாசானம் அண்ணாச்சியை வெளியே கூட்டி வந்து நசீர் பாய் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நடந்ததை அக்கா சொன்னாள். நான் ஏதோ கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏலே நசீரு," என்றார் அண்ணாச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் காந்தம் வைப்பேன்னு நெனச்சியால?"

"நீ நெனச்சேல்லா?"

"நீ புதன்கெழமை போயிட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்த. அவன் பேச்சுக்கு எசைஞ்சிட்டியோன்னு..."

"அவன் கேட்ட கேள்விக்கு மூஞ்சி பெறவு எப்படி இருக்கும்? நீ மட்டும் திங்கக்கெழமை வந்து சிரிச்சிக்கிட்டா இருந்த?"

"வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்."

"நீ சொன்னியா?"

கனகவள்ளி டிபன் கேரியரை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். "எட்டுப் பொட்டு வச்சவ வீட்டுல இருந்தனே, என்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டியளா ரெண்டு பேரும்? தின்னுட்டுச் சண்ட போடுங்க. காலையில வச்ச சோறு."

யாரும் மூடியைத் திறக்கவில்லை. அப்போது மேரியக்காவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்வீட்டியின் அம்மா. அக்கா கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு, "இன்னும் கண்ணு முழிக்கல. ராத்திரி தாண்டணும்னு சொல்றாங்களாம்," என்றாள்.

மாசானம் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். தனக்குத் தானே பேசுகிறவர் போலச் சொன்னார். "கழட்டவே முடியாதபடி நான் வச்சிருக்கணும். அவன் அப்படிக் கேட்ட அன்னைக்கே எனக்குத் தோணியிருக்கணும், இவன் வேற ஆள வச்சிச் செய்வான்னு. அன்னைக்கே ஒரு எட்டுப் போயி அந்தப் பிள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கலாம். என் தப்புதான்."

கதவைக் கழற்றியவன் 'வாடகை வண்டி' என்று சொல்லிவிட்டு நிற்கிறான். ராத்திரி பகலாக உட்கார்ந்து பூட்டு வைத்தவர் 'என் தப்பு' என்கிறார். அன்று காலையிலிருந்து எனக்கு வந்த கோபத்தில் இதற்கு வந்ததுதான் பெரிது. என்னிடம் ஒரு கிண்டல்கூடத் துணைக்கு வரவில்லை.

மேரியக்கா கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"போதும் அண்ணாச்சி. நசீருக்காக ஒரு கையெழுத்துப் போட்டீங்க. இப்போ அந்த ஜோசப்ராஜுக்காக இன்னொண்ணு போடப் போறீங்களா?"

அண்ணாச்சியின் பார்வை மேஜைமேல் இருந்த வாக்குமூலக் காகிதத்துக்கும் அதன்மேல் கிடந்த பேனாவுக்கும் போயிற்று. நசீர் பாய் எழுந்தார், மேஜைவரைக்கும் போனார், அந்தப் பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். பிறகு டிபன் கேரியரின் மூடியைத் திறந்தார்.

பேனா சப் இன்ஸ்பெக்டருடையது. அவர் பார்த்துக்கொண்டே டிராயரைத் திறந்து வேறொரு பேனாவை எடுத்துக்கொண்டார்.